மானியம் யாருக்கு?

மானியம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்துச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் பிரம்மதேயம், தேவதானம் என்று பக்கம் பக்கமாக மானியம்தான். வேதம் ஓதியவனுக்கு நிலம் வரியில்லாமல் போனது. அந்தக் கல்வெட்டுகளில் நம் பெயரும் இருக்கிறது. எங்கே? வரி போடும் நிலத்தின் அளவிலிருந்து கழிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில். சுடுகாடு, குளம், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று. மானியம் பெற்றவன் அவன், கழிக்கப்பட்டவர்கள் நாம்.

அப்புறம் 1892 வந்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீர் கொடுத்த அறிக்கையின் பேரில் வெள்ளை அரசு பஞ்சமி நிலம் ஒதுக்கியது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். நம் பேரில் கொடுத்த நிலத்தை யார் அனுபவிக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு சேரியும் சொல்லும். அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காக 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள். காரணையை மறந்தவர்கள் மேலே படிக்க வேண்டாம்.

இன்றைக்கும் மானியம் கொடுக்கிறார்கள். செப்பேட்டுக்குப் பதில் அனுமதி ஆணை. நிலத்துக்குப் பதில் ஆராய்ச்சி நிதி. கோடிக்கணக்கில் போகிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் என்று கொடுக்கிற கைகள் பல. இந்தக் கடைசி நிறுவனத்துக்கு மட்டும் 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். பிரதமரே அதன் ஆட்சிக் குழுத் தலைவர். இந்த மானியம் யாருக்குப் போகிறது? இந்த இதழில் அதைத்தான் பேசுகிறோம். அதிலும் குறிப்பாக, உயிரிப்பொறியியல் ஆய்வுக்கான நிதியைப் பற்றி.

‘சேரிக்குக் குடிதண்ணி இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இதுல பயோ இன்ஜினியரிங் இன்னாத்துக்கு?’ என்று நம் தோழர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

உயிரிப்பொறியியல் என்பது என்ன? உடம்பின் பாகம் கெட்டால் அதற்கு மாற்றுச் செய்வது. தோல் கருகினால் தோல், எலும்பு உடைந்தால் எலும்பு, இதய வால்வு பழுதானால் வால்வு. இதற்கான மூலப்பொருளை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொல்லாஜன். அதைக் காய்ச்சினால் வரும் ஜெலட்டின், நாம் விழுங்குகிற மாத்திரைக் கூடு. ஆட்டுக்குடலிலும் மாட்டுக்குடலிலும் செய்த நூல், அறுவைக்குத் தையல். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையை வெட்டித் தைத்து மனிதனுக்கு வால்வாக வைக்கிறார்கள். அது அழுகாமல் இருக்கக் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் ஊறவைக்கிறார்கள். அது தோல் பதனிடுகிற ரசாயனம். செத்த மாட்டின் தசைநாரைக் கெடாமல், கிழியாமல், வளைந்து கொடுக்கும்படி ஆக்குகிற அதே வேலை. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வைத்து நம் பாட்டன்மார் தொட்டியில் இறங்கிச் செய்த வேலைக்கு இன்றைக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர், வேறு சம்பளம், வேறு மரியாதை.

தொட்டதனால் தீண்டத்தகாதவன் ஆனோம். அதையே கையுறை போட்டுத் தொட்டவன் விஞ்ஞானி ஆனான். 2002இல் அரியானாவின் ஜஜ்ஜாரில் ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் பிள்ளைகளின் சட்டையைக் கழற்றி, வண்டியில் கட்டி, ஊர்பார்க்க அடித்தார்கள். மாட்டின் பெயரால் அடிக்கிறவனுக்கு நெஞ்சுவலி வந்தால் அதே மாட்டின் உறைதான் அவன் நெஞ்சுக்குள் போகும். அதை அவன் தீட்டு என்று சொல்ல மாட்டான். ஆஸ்பத்திரியில் தீட்டு கிடையாது, பில் மட்டும்தான்.

எனவே தோழர்களே, இந்தத் துறை நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன அறிவு இதில் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்பதும் நில மீட்புதான்.

சரி, விண்ணப்பப் படிவத்துக்கு வருவோம். ஆராய்ச்சி நிதி கேட்கிற எந்தப் படிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் மனிதர்கள் வருவார்கள். ஒன்று, முதன்மை ஆய்வாளர். இரண்டு, ஆய்வுக்கு உட்படுத்தப்படுவோர், அதாவது ரத்தம் கொடுக்கிறவர், உடம்பைக் காட்டுகிறவர். மூன்று, பயனாளிகள். இரண்டாவது கட்டத்திலும் மூன்றாவது கட்டத்திலும் நாம் தாராளமாக இருக்கிறோம். முதல் கட்டத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கண்ணெதிரே ஓர் உதாரணம். அரிவாள் செல் ரத்தசோகை இந்தியாவில் இருப்பதை உலகத்துக்கு முதலில் காட்டியது நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தம். ஆண்டு 1952. எழுதியவர்கள் லேமனும் கட்புஷ்ஷும். ரத்தம் கொடுத்த மக்களின் பெயர் ‘மாதிரி’. எழுபது வருஷம் கழித்து, 2025 நவம்பரில், அந்த நோய்க்கு உள்நாட்டிலேயே உருவான மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு ‘பிர்சா 101’ என்று பெயர் சூட்டினார்கள். பிர்சா முண்டாவின் பெயர் மருந்துக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷம். பிர்சாவின் பேரப்பிள்ளைகள் அந்த ஆய்வுக்கூடங்களில் எத்தனை பேர் என்று கேட்டால்தான் மௌனம்.

இன்னோர் உதாரணம். கொரோனா காலத்தில் எல்லோர் விரலிலும் மாட்டினார்களே ஒரு கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி. அது தோலின் ஊடே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கறுத்த தோலில் அது ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. கருவி ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கறுப்பு நோயாளிகளிடம் இருந்தது. கருவி செய்தவனுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. யார் விரலில் மாட்டிப் பார்த்துச் சரி என்றானோ, அந்த விரல்கள் வெளுத்தவை. அவ்வளவுதான். யார் கேள்வி கேட்கிறார்களோ அவர்கள் உடம்புக்குத்தான் விடை பொருந்தும். வெயிலில் நிற்கிற நம் ஜனங்களின் தோலுக்கு, சாக்கடையில் இறங்குகிறவனின் நுரையீரலுக்கு, செங்கல் சூளையில் குனிந்தே கிடப்பவளின் முதுகெலும்புக்கு யார் கேள்வி கேட்பது?

அதனால்தான் சொல்கிறோம்: நாம் பயனாளிக் கட்டத்திலிருந்து முதன்மை ஆய்வாளர் கட்டத்துக்கு நகர வேண்டும். அதற்கு அந்தப் படிவம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

படிவம் சாதி கேட்காது. மிக மரியாதையாக வேறு சில விஷயங்களைக் கேட்கும். நிரந்தரப் பணியில் இருக்கிறீர்களா? பெரும்பாலான திட்ட நிதிக்கு இது முதல் நிபந்தனை. கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் அரசுக் கல்லூரிகளில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறவர்களும், சுயநிதிக் கல்லூரியில் எப்போது வெளியே அனுப்புவார்களோ என்று இருப்பவர்களும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். எஸ்.சி., எஸ்.டி. ஆய்வாளர்களுக்கென்றே ஒரு நிதித் திட்டம் வைத்திருக்கிறார்கள். அதற்கும் நிரந்தரப் பணி வேண்டும். நிரந்தரப் பணியைக் கொடுக்காதவனே நிரந்தரப் பணி எங்கே என்று கேட்கிறான்.

அடுத்து, எந்த நிறுவனத்திலிருந்து விண்ணப்பிக்கிறீர்கள்? உயிரணு வளர்க்கும் அறை, உறைநிலைப் பெட்டி, நுண்ணோக்கி இருக்கிறதா? முதற்கட்ட முடிவுகள் கைவசம் உள்ளனவா? அதாவது, நிதி கேட்பதற்கு முன்னாலேயே நிதி கிடைத்தவனைப் போல வேலை செய்திருக்க வேண்டும். எந்தப் பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள்? யாரோடு சேர்ந்து? நிறுவனத் தலைவர் கையெழுத்துப் போட்டாரா? இத்தனையும் முடிந்து விண்ணப்பம் மதிப்பீட்டாளர் மேசைக்குப் போகும். அவருக்கு உங்கள் பெயர் தெரியும், ஊர் தெரியும், நெறியாளர் யார் என்று தெரியும். அவர் யார் என்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. ‘விண்ணப்பதாரருக்குப் போதிய அனுபவம் இல்லை’ என்று ஒரு வரி வரும். ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொன்னவன் முகமாவது தெரியும்.

இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடச் சட்டவிரோதம் இல்லை. எல்லாம் ‘தகுதி’. ஆனால் ஒவ்வொன்றும் மூன்று தலைமுறையாகச் சேர்த்த சொத்தைப் பற்றிய விசாரணை. அப்பா பேராசிரியர், மாமா இயக்குநர், கூடப் படித்தவன் மதிப்பீட்டுக் குழுவில் என்று இருப்பவனுக்கு அது சொத்து என்றே தெரியாது. திறமை என்று நினைத்துக்கொள்வான்.

விளைவு என்ன? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இளம் விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கிற ‘இன்ஸ்பயர்’ ஆசிரியர் நிதியுதவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் 2020 வரை அதைப் பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் முன்னேறிய சாதிகள். தலித்துகள் 6 சதவீதம். பழங்குடிகள் 1 சதவீதத்துக்கும் கீழே. 2023 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட கணக்கு இது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாம் 16.6 சதவீதம். கல்லூரி சேர்க்கைக்கும் பணிக்கும் இடஒதுக்கீடு உண்டு. திட்ட நிதிக்குக் கிடையாது. பணியில்கூட முழுசாக இல்லை. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுக்காக 2019இல் கொண்டுவந்த சட்டத்தின் 4ஆம் பிரிவு, சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், தேசிய மூளை ஆராய்ச்சி மையம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மூளையை ஆராயும் இடத்தில் இடஒதுக்கீடு கூடாதாம். இதைவிடப் பச்சையாக மனுதர்மத்தைச் சட்டத்தில் எழுத முடியுமா?

தமிழ்நாட்டுக்கு வாருங்கள். 2020–21 கல்வியாண்டில் அண்ணா பல்கலைக்கழகம் எம்.டெக். பயோடெக்னாலஜி, கம்ப்யூடேஷனல் பயாலஜி என்ற இரண்டு படிப்புகளுக்கும் சேர்க்கையையே நிறுத்தியது. காரணம்? மாணவர்களுக்கு உதவித்தொகை தருவது மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை. பணம் எங்களுடையது, ஆகவே மத்திய அரசின் 49.5 சதவீத ஒதுக்கீடுதான் என்றார்கள். மாநிலச் சட்டம் 69 சதவீதம் என்றது. விஷயம் உயர் நீதிமன்றம் போய், 2021 பிப்ரவரியில் அந்த ஆண்டுக்கு 49.5 சதவீதத்தின்படி சேர்க்கை நடத்தச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் எஸ்.சி.க்கு, அருந்ததியர் உள் ஒதுக்கீடு உட்பட, 18 சதவீதம். மத்தியில் 15. பழங்குடியினருக்கு மட்டும் 1 சதவீதம் 7.5 ஆகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாடம் இதுதான்: பணம் கொடுக்கிறவன் கையில் இடஒதுக்கீடும் போய்விடுகிறது. நூறு வருஷம் போராடி வாங்கிய ஒதுக்கீட்டை ஒரு நிதிக்கடிதம் ஓரங்கட்டிவிடும். நாளைக்கு ஆராய்ச்சிப் பணத்தின் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரும் என்கிறார்கள். அப்போது தகவல் உரிமைச் சட்டத்தில்கூடக் கேட்க முடியாது.

பணம் அனுமதியானாலும் வந்து சேருமா? இங்கேதான் அண்ணலின் வாழ்க்கையை நாம் சரியாகப் படிக்கவில்லை. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருஷத்துக்கு. கொலம்பியாவுக்குப் போனார். அங்கிருந்து லண்டன் போய்ப் பொருளாதார ஆய்வைத் தொடங்கினார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏற வேண்டியதாயிற்று. பரோடாவில் தங்க அறைகூடக் கிடைக்காமல் விரட்டப்பட்டது அந்தக் காலத்தில்தான். சொந்தச் சேமிப்பு, நண்பரிடம் கடன், கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி என்று திரட்டிக்கொண்டு 1920இல்தான் லண்டன் திரும்பினார். 1923இல் டி.எஸ்சி. வாங்கினார். இந்த நாட்டின் மிகப் பெரிய மூளைக்கே பணம் இல்லாமல் மூன்று வருஷம் ஆய்வு நின்றது. அவர் திரும்பிப் போனார். திரும்ப முடியாதவர்கள் எத்தனை பேர்?

சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார் 2008இல் உயிரை மாய்த்துக்கொண்டார். நெறியாளர் ஒதுக்கப்படாமல், உதவித்தொகை நின்றுபோய் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வேமுலா. ஏழு மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், தனக்கு வர வேண்டியிருப்பதைத் தன் கடைசிக் கடிதத்தில் குறித்துவைத்திருந்தார். நட்சத்திரங்களைப் பற்றி எழுத ஆசைப்பட்ட பிள்ளைக்குப் பாக்கிக் கணக்கு எழுத நேர்ந்தது. இதை நாம் தற்கொலை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடத் தயாராக இல்லை.

2025இல் நடந்ததைப் பாருங்கள். எஸ்.சி. மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி கற்க மத்திய அரசு தருகிற தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் போனது. மற்ற 66 பேருக்கு ‘நிதி இருப்பைப் பொறுத்து’ என்றார்கள். தகுதி இல்லை என்று சொல்லவில்லை. தகுதி இருக்கிறது, காசுதான் இல்லை. உள்நாட்டில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு என்று தேசிய எஸ்.சி. ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் என்று காகிதம் சொல்கிறது. அது மாதாமாதம் வருகிறதா என்று விடுதிகளில் போய்க் கேளுங்கள். மெஸ் பாக்கி வைத்திருப்பவன் யார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வீட்டிலிருந்து அம்மா போன் பண்ணி, ‘கவுர்மெண்டு காசு வந்துச்சாப்பா?’ என்று கேட்கும்போது ‘வந்துரும்மா’ என்று சொல்கிறவன், மறுநாள் காலை ஆய்வகத்தில் உயிரணுவுக்கு ஊட்டம் மாற்ற வேண்டும். உயிரணு காத்திருக்காது. உயிரிப்பொறியியலில் இரண்டு மாதம் பணம் நின்றால் இரண்டு மாத வேலை நிற்பதில்லை, ஆறு மாத வேலை செத்துப்போகிறது.

கிறித்தவ தலித்துகளுக்கு அதுவும் இல்லை. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அவர்கள் மத்திய அரசின் கண்ணுக்கு எஸ்.சி. இல்லை. சர்ச்சுக்குப் போனவனைச் சேரியை விட்டு ஊர் வெளியேற்றிவிட்டதா என்ன? தமிழ்நாடு அரசு முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிற ஊக்கத்தொகையில் அவர்களும் விண்ணப்பிக்கலாம். அது ஒன்றுதான் ஆறுதல். மாதக் கணக்கில் பார்த்தால் 8,300 ரூபாய்ச் சொச்சம்.

இதற்கெல்லாம் புள்ளிவிவரம் எங்கே என்பான். அதைத்தான் நாமும் கேட்கிறோம். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்த 80,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஆராய்ந்து 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. படிப்பு, பயிற்சி, முந்தைய நிதி, வெளியான கட்டுரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், வெள்ளையரைவிடக் கறுப்பின ஆய்வாளருக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளி குறைவு என்று நிரூபித்தது. 2019இல் இன்னோர் ஆய்வு அதற்கு ஒரு காரணத்தையும் காட்டியது. சமூக மக்களின் உடல்நலம் போன்ற, கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் எடுக்கிற தலைப்புகளுக்கே நிதி குறைவாகக் கிடைக்கிறது. ஆளை ஒதுக்குவது மட்டுமல்ல, ஆள் கேட்கிற கேள்வியையும் ஒதுக்குவது. கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து 1972இல் பெயரைக் கற்றுக்கொண்ட நாம், இந்தக் கணக்கெடுப்பையும் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த நாடு யோக்கியம் என்று சொல்லவில்லை. அங்கே எண்ணினார்கள், அதனால் மறைக்க முடியவில்லை.

இங்கே இன்னொரு பொறியையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு நிதி கொடுக்க முன்வருகிறவன்கூட ஒரு தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவான். ‘நீங்க மலக்குழி பற்றிச் செய்யுங்களேன், உங்க சமூகத்துக்கு உதவியா இருக்குமே.’ மலக்குழியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவில் நம் ஆள் சாவதைத் தடுக்க ஒரு மலிவான கருவி வேண்டும். அதை நாம் செய்வோம். அதற்கு நிதி கேட்கும் உரிமை நமக்குத்தான் முதலில். ஆனால் அது மட்டும்தான் நம் எல்லை என்றால், பழைய தொழிலையே புதிய படிவத்தில் எழுதிக் கொடுக்கிறான் என்று பொருள். செயற்கை விழித்திரையும் நம் தலைப்பு. மரபணுத் திருத்தமும் நம் தலைப்பு. சேரிப்பிள்ளை சேரியை மட்டுமே ஆராய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? எழுதியிருந்தால் அதைக் கொளுத்த வேண்டியதுதான்.

சரி, என்ன செய்வது? முதலில் அரசைப் பார்த்து.

ஆராய்ச்சி நிதி தருகிற ஒவ்வொரு மத்திய நிறுவனமும், விண்ணப்பித்தவர் எத்தனை, பெற்றவர் எத்தனை, தொகை எவ்வளவு, மதிப்பீட்டுக் குழுவில் இருந்தவர் யார் என்று சாதிப் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அறிவியல் துறைகளில் எஸ்.சி. துணைத் திட்டத்தின் பேரில் ஒதுக்கும் பணம் தலித் ஆய்வாளர்களின் கைக்கு வர வேண்டும். நமக்குப் பயிற்சி முகாம் நடத்தி, போட்டோ பிடித்து, ‘பயனாளிகள் இத்தனை பேர்’ என்று அறிக்கை எழுதினால் போதாது. நம் துணைத் திட்டப் பணம் 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுக்கே நூற்றுக்கணக்கான கோடி போன கதை எல்லோருக்கும் தெரியும். 2019 சட்டத்தின் விலக்குப் பட்டியலை நீக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களும் திட்ட நிதி கேட்க வழி வேண்டும். உதவித்தொகை மாதந்தோறும் வர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு வர வேண்டும். நெறியாளரின் ஒரு கையெழுத்தால் ஒருவரின் சோறு நிற்கக் கூடாது.

அடுத்து, நம் மாணவர்களைப் பார்த்து.

மனு எழுதுவதை இந்த இயக்கம் உங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. தாசில்தாருக்கு, கலெக்டருக்கு, ஆணையத்துக்கு என்று நம் பெரியவர்கள் எழுதாத மனுவா? ஆராய்ச்சி விண்ணப்பமும் ஒரு மனுதான். ஒற்றை ஆளாக எழுதாதீர்கள். மூன்று பேர் உட்கார்ந்து படித்துத் திருத்துங்கள். ஏற்கனவே நிதி வாங்கிய நம் அண்ணன்களும் அக்காக்களும் தங்கள் பழைய விண்ணப்பங்களைப் பூட்டி வைக்காமல் கொடுக்க வேண்டும். மேல்சாதி ஆய்வகங்களில் அது வழிவழியாகக் கைமாறுகிறது. நமக்கு அந்தப் பரண் கிடையாது, நாம்தான் கட்ட வேண்டும்.

அறநெறிக் குழு அனுமதி, உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி இரண்டுக்கும் மாதக்கணக்கில் ஆகும். கடைசித் தேதிக்குப் பக்கத்தில் ஓடாதீர்கள். கருவி இல்லை என்று தயங்காதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள பொதுக் கருவி மையம் வெளியாட்களுக்கும் கட்டணத்தில் சோதனை செய்து தரும். நாடு முழுக்க உள்ள கருவிகளின் பட்டியலை ‘ஐ-ஸ்டெம்’ என்ற அரசுத் தளத்தில் பார்த்து முன்பதிவு செய்யலாம். செலவுத் திட்டத்தில் கூச்சப்படாதீர்கள். ஆள்சம்பளம், நுகர்பொருள், பயணம், எதிர்பாராச் செலவு என்று தலைப்பு இருப்பதே கேட்பதற்குத்தான். குறைத்துக் கேட்டால் கொடுப்பான் என்பது கூலி வாங்கிப் பழகிய பயம். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தேசிய ஆய்வு உதவிக்கு வயது வரம்பு 35, நமக்கு ஐந்து வருஷம் தளர்வு உண்டு. கண்டுபிடிப்பைக் கருவியாக்க விரும்புகிறவர்களுக்கு, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் தொழில் உதவிக் கழகம் 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தமிழ்நாடு அரசும் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கென்று தனி நிதி வைத்திருக்கிறது. நமக்கில்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுவதுதான் அவனுக்கு மிகவும் வசதி. நாளைக்கு ‘எஸ்.சி.யில் யாருமே விண்ணப்பிக்கவில்லை’ என்று பதில் எழுதுவான்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஒருவர் கேட்டால் குப்பைக்கூடை. நூறு கல்லூரியிலிருந்து ஒரே கேள்வி போகட்டும், அப்புறம் பார்ப்போம்.

இவ்வளவும் செய்தால் உடனே நிதி கொட்டிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பஞ்சமி நிலத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேலாகப் பட்டாவைத் தேடிக்கொண்டிருக்கிற ஜனம் நாம். ஆனால் அந்தப் போராட்டத்தில் கற்ற ஒன்று உண்டு. எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு நிலம், யார் பேரில் இருக்கிறது என்று தாலுகா ஆபீசில் உட்கார்ந்து பட்டியல் எடுத்தவர்கள்தான் அந்தப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஆராய்ச்சி நிதிக்கும் அந்தப் பட்டியலை நாம்தான் எடுக்க வேண்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு எந்த நிதிக்கு விண்ணப்பித்தாலும் விண்ணப்பத்தின் நகல் ஒன்றை நம் இதழுக்கு அனுப்புங்கள். கிடைத்தால் அனுமதிக் கடிதத்தை அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் நிராகரிப்புக் கடிதத்தையும், மதிப்பீட்டாளர் எழுதிய அந்த ஒரு வரியையும் தவறாமல் அனுப்புங்கள். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம். அரசு எண்ண மறுப்பதை நாம் எண்ணத் தொடங்குவோம்.

— ஆசிரியர் குழு